கியர்பாக்ஸைக் கழற்றும் முன்: பழைய ஆட்டோமேட்டிக் கார்க்காரர்களின் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: "மெக்கானிக் கியர்பாக்ஸை இறக்கணும் என்கிறார், இறக்கலாமா?" ஆயில், வேக்யூம் (எஞ்சினோ பம்போ உண்டாக்கும் உறிஞ்சும் இழுப்பு), லிங்கேஜ் (ஆக்சிலேட்டரையும் பெட்டியையும் இணைக்கும் கம்பிகள்) ஆகிய மூன்றையும் பார்த்து முடிக்காமல் இறக்காதீர்கள். மூன்றையும் வெளியிலிருந்தே பார்த்துவிடலாம், அரை நாள் வேலைதான். பழக்கமில்லாத கையால் பிரிக்கப்பட்டு, சாக்கு மூட்டையில் பாகங்களாக என்னிடம் வந்த பெட்டிகள் பல. எல்லாவற்றையும் திரும்பச் சேர்க்க முடிந்ததில்லை. இந்த வண்டிகளுக்கு இன்னொரு பெட்டி எளிதில் கிடைக்காது.

கொழும்பிலிருந்து: 1983 மெர்சிடிஸ் 300டி, டபிள்யூ123. ஒவ்வொரு கியர் மாறும்போதும் பின்னாலிருந்து யாரோ இடித்தது போல ஒரு அடி. கராஜ்காரர் கிளட்ச் பிளேட் போய்விட்டது என்கிறார். உண்மையா ஐயா?

பிளேட் தேய்ந்தால் இடிக்காது, வழுக்கும். எஞ்சின் சத்தம் ஏறும், வண்டி ஏறாது. இடிக்கிறது என்றால் உங்கள் பிளேட்டுகள் இன்னும் நன்றாகப் பிடிக்கின்றன என்றே எடுத்துக்கொள்ளலாம். பிடிக்கும் அழுத்தம்தான் தேவைக்கு மேல் போகிறது. அந்த அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது பெட்டியின் பக்கத்தில் இருக்கும் மாடுலேட்டர் என்ற சின்ன டப்பா. அதற்கு நல்ல வேக்யூம் வந்தால் கியர் மெதுவாக மாறும். வேக்யூம் வராவிட்டால், நீங்கள் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்திருப்பதாக எண்ணிக்கொண்டு பெட்டி கிளட்சை ஓங்கி அழுத்தும்.

பெட்ரோல் எஞ்சினில் இந்த வேக்யூம், எஞ்சினுக்குள் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டிலிருந்து தானாக வரும். டீசலில் அது கிடையாது, அதனால் எஞ்சின் முன்பக்கம் தனியாக ஒரு வேக்யூம் பம்ப் வைத்திருக்கிறார்கள். அந்த ஒரே பம்புதான் பிரேக் பூஸ்டருக்கும், சாவியைத் திருப்பினால் எஞ்சினை நிறுத்தும் அமைப்புக்கும், சென்ட்ரல் லாக் இருந்தால் கதவுப் பூட்டுகளுக்கும், கியர்பாக்ஸுக்கும் வேலை செய்கிறது. ஆகவே பின்கதவுப் பூட்டுக்குள் ஒரு ரப்பர் கிழிந்தாலும் கியர் இடிக்கலாம். கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் நான் பல முறை பார்த்தது.

சாவியை அணைத்ததும் எஞ்சின் உடனே நிற்கிறதா, சில நொடி இழுத்துக்கொண்டு நிற்கிறதா? நான்கு கதவும் ஒன்றாகப் பூட்டுகின்றனவா? இரண்டில் ஒன்று தகராறு என்றால் கசிவு எங்கோ உறுதி. கதவுகளுக்குப் போகும் குழாயைக் கழற்றி வாயை அடைத்துவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். இடி குறைந்தால் வழக்கு முடிந்தது. குறையாவிட்டால் ஒவ்வொரு கிளையாக அடைத்துக்கொண்டே போகவேண்டும். டீசல் பம்பின் மேல் ஒரு வேக்யூம் வால்வு இருக்கும். ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்க மாடுலேட்டருக்குப் போகும் வேக்யூமைக் குறைப்பது அதன் வேலை. அதையும் சோதியுங்கள்.

இந்தக் கேள்விக்கு இவ்வளவு நீளமாக எழுதக் காரணம் உண்டு. தொழிலின் ஆரம்பத்தில் இதே மாதிரி ஒரு 300டியை நான் இறக்கிப் பிரித்தேன். பிளேட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். அச்சு அழியாமல் இருந்தன. மூன்றாம் நாள் மாலை, திரும்ப மாட்டும்போதுதான் கண்ணில் பட்டது: மாடுலேட்டர் முனையில் விரல் நீள ரப்பர் எல்போ (வளைந்த இணைப்புக் குழாய்), வளையும் இடத்தில் முடி அளவு வெடிப்பு. வளைத்தால் வாய் திறந்தது, விட்டால் மூடிக்கொண்டது. அந்த வேலைக்கு நான் கூலி வாங்கவில்லை. அன்றிலிருந்து ரப்பரை வளைத்துப் பார்க்காமல் எந்தப் பெட்டியிலும் கை வைப்பதில்லை.

ஒரு எச்சரிக்கை. மாடுலேட்டரில் அழுத்தத்தைத் திருத்த ஒரு திருகு இருக்கும். கசிவை மறைக்க அதைத் திருகவே கூடாது. அடி நின்றுவிடும், நாளைக்கு யாராவது கசிவைச் சரிசெய்தால் பிளேட் வழுக்க ஆரம்பித்துவிடும்.

கிள்ளானிலிருந்து: மெர்சிடிஸ் 300 எஸ்.இ, டபிள்யூ126. முதல் கியரே விழவில்லை, இரண்டாவதில்தான் கிளம்புகிறது. முழு ஓவர்ஹாலுக்கு விலை சொல்லிவிட்டார்கள்.

பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அந்த வண்டி அப்படித்தான் செய்யப்பட்டது. மெதுவாக மிதித்தால் இரண்டாவது கியரில் கிளம்பும், முதல் கியரை அழுத்தமான மிதிக்கு ஒதுக்கி வைத்திருக்கும். காலியான சாலையில் நின்ற நிலையிலிருந்து ஆக்சிலேட்டரைத் தரைவரை, அடியில் உள்ள கிக்டவுன் சுவிட்ச் அழுந்தும்வரை மிதியுங்கள். வண்டி பாய்ந்து, உடனே ஒரு கியர் மாறுவது தெரிந்தால் உங்கள் முதல் கியர் ஆரோக்கியமாக இருக்கிறது.

சென்னையிலிருந்து: 1965 செவ்ரோலெட் இம்பாலா, பவர்கிளைடு கியர்பாக்ஸ். போன மாதம் ரேடியேட்டர் வேலை பார்த்தோம். இப்போது டிப்ஸ்டிக்கில் ஆயில் ரோஸ்மில்க் மாதிரி வருகிறது சார். ஆயில் மாற்றினால் போதுமா?

இந்தப் பதிலைப் படித்த நிமிடமே வண்டியை நிறுத்துங்கள். ரோஸ்மில்க் நிறம் என்றால் கியர் ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது. கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டர் டேங்குக்குள்தான் ஓடுகிறது. ரேடியேட்டரில் சூடு வைத்து ஈயம் பிடிக்கும்போது அந்த உள்குழாயின் இணைப்பு விட்டுப்போக வாய்ப்புண்டு. எஞ்சின் ஓடும்போது ஆயிலுக்கு அழுத்தம் அதிகம், அதனால் ஆயில் தண்ணீருக்குள் போகும். அணைத்தபின் சூடான ரேடியேட்டரின் அழுத்தம் தண்ணீரை ஆயிலுக்குள் தள்ளும். ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் மேலே சிவப்புப் படலம் மிதக்கலாம். எஞ்சின் நன்றாக ஆறியபின் மட்டும் திறந்து பாருங்கள்.

ஆயிலை மட்டும் மாற்றுவது போதாது. கிளட்ச் பிளேட்டின் லைனிங் பசையால் ஒட்டப்பட்டது, தண்ணீர் பட்டால் அது உரிந்து வரும். முதலில் கூலர் குழாய் இரண்டையும் ரேடியேட்டரிலிருந்து கழற்றி, தனியாக ஒரு வெளிக் கூலரில் இணையுங்கள். பிறகு பெட்டியின் அடியில் உள்ள ஆயில் தட்டை (பான்) கழற்றி, ஃபில்டரை மாற்றி, எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கொடுக்கும் டார்க் கன்வர்ட்டரில் தங்கியதையும் வெளியேற்றும்வரை திரும்பத் திரும்ப ஃப்ளஷ் செய்யவேண்டும். பானின் அடியைக் கண்ணால் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மைபோன்ற மெல்லிய படிவு வயதான எந்தப் பெட்டியிலும் இருக்கும். கறுப்புச் செதில்களாக லைனிங் கிடந்தால் பெட்டியை இறக்கித்தான் ஆகவேண்டும், இந்த ஒரு இடத்தில் உங்கள் மெக்கானிக் சொல்வதைக் கேளுங்கள். கலந்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கோவையிலிருந்து: 1966 டாட்ஜ் டார்ட், ஸ்லாண்ட் சிக்ஸ், டார்க்ஃப்ளைட் கியர்பாக்ஸ். இரண்டு மூன்று வாரம் நிறுத்தி எடுத்தால் டி-யில் போட்டும் நகர்வதில்லை. ஒரு நிமிடம் கழித்து எதுவுமே நடக்காதது போல ஓடுகிறது.

நின்ற நாட்களில் டார்க் கன்வர்ட்டரில் இருந்த ஆயில் மெல்ல வடிந்து பானுக்கு இறங்கிவிடுகிறது. அது மறுபடி நிரம்பும்வரை வண்டி நகராது. நோய் என்று சொல்ல மாட்டேன், வயது. ஆனால் பார்க்கில் வைத்து எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் பயனில்லை. அந்தக் காலத்து டார்க்ஃப்ளைட்டில் பார்க்கில் இருக்கும்போது கன்வர்ட்டருக்கு ஆயில் போகாது. ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, நியூட்ரலில் ஒரு நிமிடம் ஓடவிட்டு, பிறகு டி-க்குத் தள்ளுங்கள். ஆயில் அளவையும் நியூட்ரலில், எஞ்சின் ஓடும்போது, பெட்டி நன்றாகச் சூடேறிய பின்தான் பார்க்கவேண்டும். பார்க்கில் பார்த்து, போதும் என்று நம்பி ஓட்டியவர்கள் உண்டு.

உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் என்னைப் பயமுறுத்தியது. "கார்புரேட்டர் வேறு மாற்றியிருக்கிறோம்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கார்புரேட்டரிலிருந்து கியர்பாக்ஸின் பக்கத்துக்கு இறங்கும் கிக்டவுன் ராட் இணைக்கப்பட்டிருக்கிறதா? சிலர் அதை "வேகம் பிடிக்க மட்டும்" என்று நினைத்துக் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். டார்க்ஃப்ளைட்டில் எஞ்சினின் இழுப்புக்கு ஏற்ற அழுத்தத்தைப் பெட்டிக்குச் சொல்வதே அந்த ராட்தான். அது இல்லாமல் ஓட்டினால் பிளேட்டுகள் குறைந்த பிடியில் வழுக்கி, கொஞ்ச நாளிலேயே கருகும். இன்றே பானட்டைத் திறந்து பாருங்கள். ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கும்போது ராட் பின்பக்கம் கடைசிவரை நகரவேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து: போர்க்வார்னர் 35 பெட்டி. புத்தகத்தில் டைப் எஃப் ஆயில் என்கிறது, கடையில் டெக்ஸ்ரான்தான் கிடைக்கிறது. ஊற்றலாமா?

புத்தகம் சொல்வதையே ஊற்றுங்கள். டெக்ஸ்ரானில் உராய்வை இதமாக்கும் சேர்மானம் உண்டு, டைப் எஃப்-இல் அது கிடையாது. எஃப்-க்காகச் செய்த லைனிங்கில் டெக்ஸ்ரான் போட்டால் கியர் மாறுவது சுகமாகத்தான் இருக்கும். அந்தச் சுகம் வழுக்கலிலிருந்து வருகிறது. ஒரு காலத்தில் அமெரிக்க ஆயில்களில் அந்தச் சேர்மானமாக ஸ்பெர்ம் திமிங்கில எண்ணெயைக் கலந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. 1970-களில் திமிங்கிலப் பாதுகாப்புச் சட்டங்கள் வந்தபின் மாற்று தேடவேண்டி வந்தது.

டொரொன்டோவிலிருந்து: 1972 செவ்ரோலெட் நோவா, டர்போ 350 கியர்பாக்ஸ். கியர் ஆயில் குறைந்துகொண்டே போகிறது, தரையில் ஒரு சொட்டு இல்லை. சைலன்சரில் வெள்ளைப் புகை. எஞ்சின் ரிங் போய்விட்டதா?

உங்கள் எஞ்சின் கியர் ஆயிலைக் குடித்துக்கொண்டிருக்கிறது. மாடுலேட்டருக்குள் உள்ள ரப்பர்ச் சவ்வு கிழிந்தால், வேக்யூம் ஹோஸ் வழியாக மேனிஃபோல்ட் ஆயிலை உறிஞ்சிவிடும். ஹோஸைக் கழற்றி உள்ளே ஒரு துணித் திரியை விடுங்கள். சிவப்பாக நனைந்து வந்தால் மாடுலேட்டரை மாற்றவேண்டும். ஒரே ஒரு போல்ட், அரை மணி வேலை. பிறகும் கியர் மேலே ஏற மறுத்தால், பெட்டியின் பின்பகுதியில் ஓட்டுநர் பக்கம் கம்பி வளையத்தால் பிடித்திருக்கும் வட்ட மூடியைத் திறந்து, வண்டியின் வேகத்தைப் பெட்டிக்குச் சொல்லும் கவர்னரை வெளியே எடுங்கள். அதன் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறதா, எடைகள் தடையில்லாமல் அசைகின்றனவா என்று பாருங்கள். இதற்கும் பெட்டியை இறக்க வேண்டியதில்லை.

உதகையிலிருந்து: வழியில் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுத்து வரலாமா?

வேண்டாம். கியர்பாக்ஸின் ஆயில் பம்பைச் சுற்றுவது எஞ்சின். எஞ்சின் நின்ற பிறகு பின்சக்கரம் சுற்றினால் பெட்டியின் உள்ளே உலோகம் உலோகத்தின் மேல் உலர்ந்தபடி ஓடும். பின்சக்கரங்களைத் தூக்கி வைத்து இழுங்கள், அல்லது மேடை லாரியில் ஏற்றுங்கள். இரண்டும் கிடைக்காத மலைப்பாதையில் புரொப்பல்லர் ஷாஃப்டின் பின்முனை போல்ட்டுகளைக் கழற்றி, ஷாஃப்டைக் கம்பியால் மேலே கட்டிவிட்டு இழுக்கலாம். அந்தப் போல்ட்டுகளுக்கான ஸ்பானரை டிக்கியில் வையுங்கள். சக்கரத்துக்குக் கட்டை போட்டுவிட்டுத்தான் கழற்றவேண்டும், ஷாஃப்ட் கழன்றபின் பார்க் கியர் வண்டியைப் பிடிக்காது.