சர்க்கரை நோயுள்ள 70 வயது அப்பாவுக்கு மாத்திரை தவிர வேறு என்ன கவனிக்க வேண்டும்?

முதலில் அவருடைய உள்ளங்காலைப் பாருங்கள். இன்றைக்கே பாருங்கள். மாத்திரையை நேரம் தவறாமல் போடுகிறார், வேறு தொந்தரவு எதுவும் சொல்வதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் அந்த நிம்மதியில்தான் இருந்தோம்.

சித்திரை மாதம். உச்சிக்கால பூஜைக்குப் போன அப்பா, வெளிப்பிரகாரத்தை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, சாப்பிட்டுப் படுத்துவிட்டார். கூடத்தில் ஈரத் தடம் இருப்பதை அம்மாதான் பார்த்தார். வலது காலின் தடம் மட்டும். புரட்டிப் பார்த்தால் கட்டைவிரலுக்குக் கீழே பெரிய கொப்புளம் உடைந்து நீர் கசிந்துகொண்டிருந்தது.

“கல் சுடவில்லையா?”

“சுட்ட மாதிரியே தெரியவில்லையே.”

மருத்துவர் அப்பாவைக் கண்ணை மூடச் சொன்னார். பத்து கிராம் அழுத்தத்தில் வளைந்துகொடுக்கும் நைலான் இழை ஒன்றால் பாதத்தில் அங்கங்கே தொட்டார். தொடுவது தெரிந்தால் “ஆமாம்” என்று சொல்ல வேண்டும். நான்கைந்து இடம் தொட்டு முடித்த பிறகு அப்பா கேட்டார்: “இன்னும் ஆரம்பிக்கவில்லையா டாக்டர்?” எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

பல ஆண்டுகள் நீடிக்கும் சர்க்கரை, கால் நரம்புகளை மெல்ல மெல்ல மரத்துப்போகச் செய்துவிடுகிறது. இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் சின்னப் புண்கூட லேசில் ஆறாது. சீழ் வைத்து, விரலையே எடுக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுபோய்விடும். அப்பாவுக்கு ஆற மூன்று மாதம் ஆயிற்று.

இப்போது ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா டார்ச் அடித்து இரண்டு பாதங்களையும் பார்க்கிறார். வயதானவர்களால் குனிந்து தாங்களே பார்க்க முடியாது, பார்வையும் மங்கியிருக்கும். வீட்டில் யாராவது ஒருவர் பார்த்துத்தான் ஆக வேண்டும். விரலிடுக்கில் ஈரம் நிற்காமல் துடைக்க வேண்டும். நகத்தை நேராக வெட்ட வேண்டும். கால் ஆணியை பிளேடால் சீவவே கூடாது. கடையில் விற்கும் ஆணி பிளாஸ்திரியும் வேண்டாம், அதிலுள்ள அமிலம் தோலைப் புண்ணாக்கிவிடும். காலில் வெந்நீர் ஊற்றுவதற்கு முன் வேறொருவர் சூடு பார்க்கட்டும். வீட்டுக்குள்ளும் செருப்பு வேண்டும். அப்பா இதற்கு மட்டும் எளிதில் இணங்கவில்லை. மெத்தென்ற ரப்பர் அடிப்பாகம் உள்ள எம்.சி.ஆர். செருப்பை வீட்டுக்குள் மட்டும் போடுவதற்கென்று தனியாக வாங்கிக் கொடுத்த பிறகுதான் ஒப்புக்கொண்டார். கோயிலுக்கு வெயில் ஏறும் முன் போய்விடுகிறார், காலுறையோடு.

தமிழ்நாடு அரசு 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. எங்கள் தெருவிலேயே பல பெரியவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் அன்றாடம் காலைப் பார்ப்பது வீட்டார் வேலைதான்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, சர்க்கரை அளவைக் காட்டியதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். அப்பாவின் செருப்பைக் கழற்றச் சொல்லி, பாதத்தையும் பார்க்கும்படி கேளுங்கள். அந்த இழைச் சோதனையை ஆண்டுக்கு ஒரு முறையாவது செய்யச் சொல்லுங்கள்.