2004ல அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் மேடைல தூக்கிப் போட்ட கிட்டார் எங்க போச்சு? அன்னைக்கு அவர் வாசிச்ச சோலோ (தனியா வாசிக்கற கிட்டார் பகுதி) நிஜமாவே பழிவாங்கலா?

2004 மார்ச்ல நியூயார்க்ல ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் விழா, மறைந்த பீட்டில்ஸ் கிட்டாரிஸ்ட் ஜார்ஜ் ஹாரிசனுக்கு அஞ்சலியா ராக் பாடகர்கள் டாம் பெட்டி, ஜெஃப் லின், ஹாரிசனோட பையன் தானி, பிரின்ஸ் எல்லாரும் சேர்ந்து ஹாரிசன் எழுதின 'வைல் மை கிட்டார் ஜென்ட்லி வீப்ஸ்' வாசிச்சாங்க. 2003ல ரோலிங் ஸ்டோன் பத்திரிகை போட்ட சிறந்த 100 கிட்டாரிஸ்ட் லிஸ்ட்ல பிரின்ஸ் பேரே இல்ல, அந்தக் கோவத்துலதான் இப்படி வாசிச்சாருன்னு ஒரு கதை சுத்துது. லிஸ்ட்ல இல்லாதது உண்மை, கோவம்ங்கறது ரசிகர்கள் சேர்த்த மசாலான்னுதான் எனக்குத் தோணுது.

ஏன்னா ரிகர்சல்ல அவர் சோலோவே பெருசா வாசிக்கலயாம், ஜெஃப் லின்னோட கிட்டாரிஸ்ட் மார்க் மேன்தான் அசல் பாட்டுல எரிக் கிளாப்டன் வாசிச்ச சோலோவ அச்சு அசலா வாசிச்சாரு, கடைசி சோலோவ மட்டும் நான் பாத்துக்கறேன்னு பிரின்ஸ் அமைதியா விட்டுக்கொடுத்துட்டாருன்னு ஷோவோட தயாரிப்பாளரே பின்னாடி சொல்லியிருக்காரு. கோவக்காரன் அப்படியா இருப்பான்?

சிவப்புத் தொப்பியோட பிரின்ஸ் அப்படியே பின்னாடி சாய்ஞ்சு வாசிக்கும்போது பக்கத்துல தானி சிரிக்கற சிரிப்ப மட்டும் பாருங்க, அது போதும். பாட்டு முடிஞ்சதும் அவர் தூக்கிப் போட்ட கிட்டார் மாயமாகல, மேல போனது கேமரா ஃபிரேமுக்கு வெளிய போயிடுச்சு, அவ்ளோதான். அன்னைக்கு மேடைல வாசிச்ச டிரம்மர் ஸ்டீவ் ஃபெரோனே அது கீழ வந்தத பாக்கலன்னு சொன்னதாலதான் இந்தக் கதை இன்னும் ஓடுது.