மலை இறங்கிய பிறகு மூன்று நாள் டர்பன்

கேள்வி: நானும் நண்பனும் தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பர்க் மலையை நெடுக நடந்து கடக்கப் போகிறோம். சென்டினலில் தொடங்கி புஷ்மன்ஸ் நெக்கில் முடியும் 220 கிலோமீட்டர் நடை. முடித்த கையோடு டர்பனில் மூன்று நாள் தங்கி, அங்கிருந்து ஜோகானஸ்பர்க் பஸ் ஏற எண்ணம். ஆளுக்கு 2,000 ராண்ட்தான் மிஞ்சும். எப்படிச் சமாளிப்பது அக்கா?
- லெனேசியாவிலிருந்து ஒரு வாசகர்

பதில்: தம்பி, பணம் போதும். ஆனால் மலையில் பழகிய சிக்கனத்தை நகரத்தில் எல்லா இடத்திலும் காட்டாதீர்கள். பகலிலேயே ஊருக்குள் வந்து சேர்வது, கடற்கரையை ஒட்டி ஒரு படுக்கை, இருட்டிய பிறகு டாக்சி. இந்த மூன்றிலும் கை இழுக்கக் கூடாது. பத்துப் பதினைந்து நாள் நடந்து களைத்தவன் முதுகில் பெரிய பையோடு ராத்திரி நேரத்தில் நகர மையத்தில் வழி தேடுவது மலை விளிம்பில் மூடுபனிக்குள் நடப்பதைவிட ஆபத்து.

புஷ்மன்ஸ் நெக்கிலிருந்து அண்டர்பர்க் வரை யாராவது வண்டியில் கூட்டிப்போக, புறப்படுவதற்கு முன்பே பேசி வையுங்கள். அண்டர்பர்க்கிலிருந்து மினிபஸ் டாக்சியில் பீட்டர்மாரிட்ஸ்பர்க், அங்கே மாறி டர்பன். வண்டி நிரம்பினால்தான் கிளம்பும். அதனால் காலையிலேயே போய் உட்காருங்கள். கட்டணம் பின்வரிசையிலிருந்து கை மாறி முன்னால் போகும், சில்லறையும் அதே வழியில் திரும்பி வரும். பைக்கு ஓர் இருக்கைக் காசு கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள். அது அடுத்தவர் உட்காரும் இடம்.

பேக்பேக்கர்ஸ் விடுதியில் பொது அறைப் படுக்கை எடுத்தால் உங்கள் பணத்தில் பாதிக்குக் கொஞ்சம் கூடப் போகும். முன்பதிவு செய்யும்போதே சமையலறையும் துணி துவைக்க இடமும் உண்டா என்று கேளுங்கள்.

அடுத்து பசி. இதைத்தான் எல்லோரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஓட்ஸையும் நூடுல்ஸையும் தின்று இறங்கியவனுக்கு முதல் இரண்டு நாள் வயிறு அடங்காது; பணம் கரைவதும் அங்கேதான். நல்ல வேளையாக நீங்கள் வருவது டர்பனுக்கு! கால் ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தரும் பன்னி சௌவை (bunny chow) மிஞ்சிய மலிவான சாப்பாடு எனக்குத் தெரிந்து இல்லை. ஆட்டிறைச்சிக்குப் பதிலாக பீன்ஸ் பன்னி கேளுங்கள். விலை குறைவு, ருசி குறையாது. குடைந்தெடுத்த ரொட்டித் துண்டை மேலே மூடியாக வைத்திருப்பார்கள். முதலில் அதைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்துத் தின்னுங்கள், பிறகு ஓரத்துச் சுவரை மேலிருந்து கீழாக. அடியில் குழம்பு ஊறிய பகுதி கடைசி வாய்க்கு. ஸ்பூன் கேட்காதீர்கள், கைதான். அரைப் பன்னி வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம். கால் ரொட்டிப் பன்னியே வயிற்றை நிறைக்கும்; பற்றாவிட்டால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.

பழமும் காய்கறியும் வாரிக் சந்திப்பில் உள்ள அதிகாலைச் சந்தையில். கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்ததும் காய்கறி பயிரிட்டுப் பிழைத்த நம் முன்னோர் கடை விரித்த சந்தை அது. நூறாண்டுக்கும் மேலாக நடக்கிறது. கைப்பேசியை உள்ளே வைத்துக்கொண்டு, சில்லறை மட்டும் எடுத்துப் போங்கள். பெரிய பை விடுதியிலேயே இருக்கட்டும்.

பகல் பொழுதுக்குச் செலவே இல்லை. கடற்கரை நடைபாதை ஏறத்தாழ 8 கிலோமீட்டர், தெற்கு முனை துறைமுக வாய் வரை போகிறது. கரும்புத் தோட்ட ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்த நம் முன்னோரின் முதல் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு, 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்து சேர்ந்தது இந்தத் துறைமுகத்துக்குத்தான். நான் அங்கே நிற்கும்போதெல்லாம் தொண்டை அடைத்துக்கொள்ளும். பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கடலில் நில்லுங்கள். குளிர்காலத்திலும் வெதுவெதுப்பான தண்ணீர். முதல் அலை கொப்புளத்தில் பட்டதும் சுரீர் என்று எரியும். அடுத்த ஐந்து நிமிடத்தில் கெண்டைக்கால் இறுக்கம் விடுவது தெரியும். உயிர்காப்பாளர்கள் கொடி நட்ட இடத்தில் மட்டும் குளியுங்கள்.

ஒரு நாள் தாவரவியல் பூங்காவுக்கு ஒதுக்குங்கள். 1849-இல் தொடங்கியது, நுழைவுக் கட்டணம் கிடையாது. உட்ஸ் சைக்காட் என்ற செடியை அவசியம் பாருங்கள். 1895-இல் ஙோயே காட்டில் கண்டெடுத்தார்கள். உலகில் இன்றுள்ளவை எல்லாம் அந்த ஒரே ஆண் செடியிலிருந்து வந்தவை, பெண் செடி இதுவரை அகப்படவே இல்லை. புல்வெளியில் படுத்து ஒரு மணி நேரம் தூங்குங்கள், யாரும் எழுப்ப மாட்டார்கள்.

கடைசி நாள் காலையில் கூடாரத்தை விரித்து வெயிலில் காய வையுங்கள். ஈரத்தோடு சுருட்டினால் ஜோகானஸ்பர்க் போவதற்குள் நாறிவிடும். மிச்சமிருக்கும் எரிவாயுக் குப்பியைப் பஸ்ஸில் ஏற்றாமல் விடுதியில் கொடுத்துவிடுங்கள். அடுத்த வாரம் மலைக்குக் கிளம்பும் யாராவது அதில் தேநீர் போட்டுக் குடிப்பார்கள்.