கீபோர்டில் கிட்டார் சோலோ: டோனை விடுங்கள், இடது கையைக் கவனியுங்கள்

கேள்வி: சின்தசைசரில் டிஸ்டார்ஷன் கிட்டார் டோன் போட்டுத்தான் சோலோ வாசிக்கிறேன். ஆனாலும் கீபோர்டு மாதிரியே கேட்கிறது. வேறு டோன் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். 1970-களில் கீபோர்டு கலைஞர் யான் ஹம்மர், மினிமூக் என்ற சின்தசைசரில் வாசித்ததைக் கேளுங்கள். பல இடங்களில் கிட்டார் என்றே நினைப்பீர்கள். அதில் சாம்பிள் (பதிவு செய்து வைத்த ஒலி) எதுவும் கிடையாது. ஒலியை உண்டாக்கும் மூன்று ஆஸிலேட்டர், அதைச் செதுக்கும் ஒரு ஃபில்டர், இடப்பக்கம் இரண்டு சக்கரம் (பிட்ச் பெண்ட், மாட் வீல்), அவ்வளவுதான். வித்தை, சுருதியை ஏற்றி இறக்கும் பிட்ச் பெண்ட் சக்கரத்தில்தான்.

சின்தை மோனோ (ஒரு நேரத்தில் ஒரே நோட்டு), லெகாட்டோவுக்கு (நோட்டுகள் இடைவெளியின்றி இணைவது) மாற்றி, பிட்ச் பெண்டை 2 செமிடோனில் வையுங்கள். கிட்டாரில் கம்பியை விரலால் எந்தப் பக்கம் தள்ளினாலும் சுருதி ஏறத்தான் செய்யும் (சுருதியை இறக்கவும் உதவும் வாமி பார் என்ற கைப்பிடி தனிக்கதை). அதனால் சக்கரத்தை நடுவிலிருந்து மேலே மட்டும் தள்ளுங்கள். 'ஈ' வேண்டுமா? 'டி' கீயை அழுத்தி, ஒரு கணம் விட்டு, ஏற்றுங்கள். அப்புறம் தலைகீழாக: முதலில் சக்கரத்தை மேலே தள்ளி வைத்துக்கொண்டு 'டி'யை அழுத்தினால் 'ஈ' கேட்கும், மெல்ல விட்டால் 'டி'க்கு வழுக்கி இறங்கும். இந்த இறக்கம் ஒன்றே பாதி வேலையை முடித்துவிடும்.

வைப்ரேட்டோவை (சுருதியின் சிறு நடுக்கம்) சின்தில் தானாக ஆட்டும் எல்.எஃப்.ஓ.விடம் ஒப்படைக்காதீர்கள், அது இயந்திரம் மாதிரி ஒரே சீராக ஆடும். நோட்டு நிலைத்தபின் சக்கரத்தால் ஆட்டுங்கள். சாதாரண நோட்டு என்றால் மேலே போய்த் திரும்ப வேண்டும். ஏற்றிப் பிடித்த நோட்டு என்றால் சற்று இறங்கி மறுபடி ஏற வேண்டும்.

டோனைப் பொறுத்தவரை, வெறும் சா வேவ் (ரம்பப்பல் வடிவ அலை) போதும். கோரஸ், ரிவெர்ப் இரண்டையும் அணைத்துவிட்டு, கிட்டார் ஆம்ப்ளிஃபயர் போல ஒலிக்கச் செய்யும் ஆம்ப் சிமுலேட்டருக்குள் அனுப்புங்கள். அதில் கேபினட்டை (ஸ்பீக்கர் பெட்டியின் பாவனை) மறக்காதீர்கள்: கிட்டார் ஸ்பீக்கரில் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அதிகம் வராது, கேபினட் இல்லாவிட்டால் குளவிக்கூட்டைக் கலைத்த மாதிரி இரையும். ரிவெர்பும் டிலேயும் ஆம்புக்குப் பிறகுதான். டிஸ்டார்ஷனில் சத்தம் பெரிதாக ஏறி இறங்காது என்பதால் வெலாசிட்டியை (கீயை அழுத்தும் வேகம்) ஃபில்டருக்குக் கொடுங்கள். கார்டு என்றால் மூலமும் ஐந்தாவதும் போதும், மூன்றாவதைச் சேர்த்தால் கலங்கிவிடும்.

கிட்டாரின் அடிக் கம்பி 82 ஹெர்ட்ஸ், 24-வது ஃப்ரெட்டின் உச்சி சுமார் 1,300. அதைத் தாண்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஃபீட்பேக் (ஆம்பின் ஒலியால் கம்பி தானே தொடர்ந்து அதிரும் ஓசை) வேண்டுமென்றால், ஓர் ஆக்டேவ் மேலே ஒரு சைன் வேவைச் சேர்த்து, அதன் அளவை மாட் வீலில் கட்டுங்கள். நீண்ட நோட்டின் பின்பாதியில் மட்டும் ஏற்றுங்கள்.