கண்டாங்கி இருபது ஆண்டு, டி-ஷர்ட் ஆறு மாதமா?

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: மகன் வாங்கித் தந்த மூன்று விலையுயர்ந்த பருத்தி டி-ஷர்ட்டுகளில் ஆறே மாதத்தில் கழுத்துப் பட்டி தொளதொளத்துவிட்டது, கறுப்பு சாம்பல் பூத்துவிட்டது, வெள்ளையில் அக்குள் பகுதி மஞ்சளாகிவிட்டது. துவைகல்லில் அடித்து, ஆழ்குழாய்த் தண்ணீரில் அலசி, மொட்டைமாடி வெயிலில் ஹேங்கரில் மாட்டுகிறார்களாம். அதே கல்லில் துவைக்கும் ஆச்சியின் கண்டாங்கிச் சேலை மட்டும் இருபது ஆண்டாக உழைக்கிறதே, ஏன் என்கிறார்.

கண்டாங்கி தறியில் நெய்தது. பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாக ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதால் அடியைத் தாங்குகிறது. டி-ஷர்ட்டோ திருப்பூர்க்காரர்கள் சொல்லும் பனியன் துணி, அதாவது நூலைக் கண்ணி கண்ணியாகக் கோத்துப் பின்னியது. பருத்தி இழை ஈரத்தில் வலுவிழப்பதில்லை, இன்னும் உறுதியாகிறது. ஆனால் குடித்த தண்ணீரின் பாரம் கண்ணிகளைக் கீழே இழுக்க, துணி கிழியாமலே உருக்குலைகிறது. ஹேங்கரில் ஈரத்தோடு தொங்கும்போது அந்தப் பாரம் முழுவதும் தோளிலும் கழுத்திலும் விழுகிறது. போதாக்குறைக்கு, ஹேங்கரைக் கழுத்து வழியாக நுழைத்துப் பட்டியை அகட்டிவிடுகிறோம்.

ஆகவே கல்லில் அடிக்காமல், உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டுக் கையால் கசக்குங்கள். இயந்திரமானால் வலைப்பையில் இட்டு, ஜிப் வைத்த ஜீன்ஸோடு சேர்க்காமல் துவையுங்கள். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி நீரை எடுத்தபின், மூங்கில் கழியின் மேல் பாதியாக மடித்துப் போடுங்கள். மெல்லிய கொடிக்கயிறு தடம் பதிக்கும். சாயத்தை வெளுக்கவைக்கும் நேர்வெயிலைவிட, முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தின் காற்றோட்டமான நிழலே மேல்.

அடுத்தது தண்ணீர். கடினநீரிலுள்ள கால்சியம், மக்னீசிய உப்புகள் கட்டிச் சோப்போடு சேர்ந்து, கரையாத பிசுக்காக இழைகளில் படிகின்றன. கறுப்பு சாம்பல் பூப்பதற்குச் சாயம் போவது மட்டுமே காரணமன்று. இந்தப் பிசுக்கும், கல்லில் தேய்ந்து எழும் பஞ்சு முனைகளும் சேர்ந்துதான் அந்த நிறத்தைத் தருகின்றன. ஒரு வாளித் தண்ணீரில் அரை டம்ளர் வெள்ளை வினிகர் கலந்து, கால் மணி நேரம் ஊறவைத்து அலசிப் பாருங்கள். காய்ந்தபின் கறுப்பு தெளிந்தால் குற்றவாளி பிசுக்கு என்று பொருள். வினிகரைப் பிளீச்சிங் பவுடரோடு எக்காரணம் கொண்டும் சேர்க்கக்கூடாது. நச்சான குளோரின் வாயு கிளம்பும். இனிமேல் கட்டிச் சோப்புக்குப் பதில் திரவ டிடர்ஜென்ட் போதும். அளவைக் கூட்டினால் அலசித் தீராது. நம் பழைய வீடுகளில் முற்றத்துக் கூரை நீரை அண்டாவில் பிடித்து வைப்பார்கள் அல்லவா, அந்த மழைநீரில் உப்பு மிகக் குறைவு. கிடைக்கும் காலத்தில் கடைசி அலசலுக்காவது அதைப் பயன்படுத்தலாம். இதைவிடச் சிறந்த சலவை நீரை நான் கண்டதில்லை.

அக்குள் மஞ்சளுக்கு வியர்வை மட்டும் காரணமில்லை. அக்குளில் பூசும் வியர்வையடக்கிகளிலுள்ள அலுமினிய உப்புகள் அதோடு கலந்து படிவதே முக்கியக் காரணம். குளோரின் பிளீச் இந்தக் கறையை மேலும் மஞ்சளாக்குவதோடு இழையையும் அரிக்கும். சோடியம் பெர்கார்பனேட் உள்ள ஆக்சிஜன் பிளீச்சை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். பூசிய வியர்வையடக்கி உலர்ந்தபிறகு சட்டையைப் போடுவதும் உதவும்.

இஸ்திரியை உள்பக்கத்தில் போடுங்கள். அச்சிட்ட படத்தின் மேல் பெட்டி நேரடியாகப் படக்கூடாது.

உங்கள் மூன்றில் கறுப்பை ஓரளவு மீட்கலாம். வெள்ளையில் கறை புதிதென்றால் போகும், ஆறு மாதமும் ஊறிய கறையானால் மங்குமே தவிர முழுதாக மறையாது. தளர்ந்த கழுத்துப் பட்டி பழையபடி திரும்பாது. அந்தச் சட்டையை வீட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.