பங்காளிச் சண்டையில் சிக்கிய ஊர்

கேள்வி: ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் மகன் பியூசிங்கன் என்ற ஊருக்குப் போய் வந்தான். ஜெர்மனி ஊர்தானாம், ஆனால் சுற்றிலும் சுவிட்சர்லாந்தாம். கடையில் சுவிஸ் பிராங்க்கில் விலை சொன்னார்களாம். இதென்ன கூத்து? - ஒரு வாசகி, பெருந்துறை.

பதில்: காங்கேயம் பக்கம் எங்கள் அப்பிச்சியின் கொறங்காட்டுக்கு (மேய்ச்சல் நிலத்துக்கு) நட்டநடுவே பங்காளிக்கு முக்கால் ஏக்கர் கிடக்கிறது. நாலு பக்கமும் எங்கள் கிளுவை வேலி. நல்ல விலைக்குக் கேட்டும் தரமாட்டேன் என்றுவிட்டார். என்றோ ஒரு சீரில் வந்த மனத்தாங்கல், அவ்வளவுதான்.

பியூசிங்கனும் அப்படி வீம்பில் நின்ற ஊர்தான். ரைன் ஆற்றின் வடகரையில், ஷாப்ஹவுசன் என்ற சுவிஸ் நகரத்துக்குக் கிழக்கே இருக்கிறது. 7.62 சதுர கிலோமீட்டர். நம் கணக்கில் 1,880 ஏக்கர் சொச்சம். 1,500 பேர் அளவில் குடியிருக்கிறார்கள். மற்ற ஜெர்மனிக்குப் போக, குறுகலான இடத்தில் 700 மீட்டர்தான். அந்த 700 மீட்டரும் சுவிஸ் மண்!

1693-இல் இந்த ஊரின் பிரபு எபர்ஹார்ட் இம் துர்ன். மதத் தகராறில் சொந்தக்காரர்களே அவரைக் கடத்திக்கொண்டுபோய் ஷாப்ஹவுசனில் ஒப்படைத்தார்கள். சிறையில் போட்டார்கள். ஊரின் மேலுரிமை ஆஸ்திரியாவுடையது, விடுமா? அவர் வெளியே வர 1699 ஆனது, ஆஸ்திரியாவின் கோபம் மட்டும் ஆறவில்லை. 1770-இல் பக்கத்து ஊர்களான ராம்சன், டேர்ஃப்லிங்கன் இரண்டின் உரிமையையும் சூரிச்சுக்கு விற்றபோதும் பியூசிங்கனைத் தரவில்லை. அப்புறம் 1805-இல் வூர்ட்டம்பர்க், 1810-இல் பாடன் என்று ஜெர்மன் அரசுகளுக்குக் கைமாறி, ஜெர்மனியோடு ஒட்டிக்கொண்டது.

ஊர்க்காரர்களைக் கேட்டால் வேறு பதில். 1918 வாக்கெடுப்பில் 96 சதவீதம் பேர் சுவிட்சர்லாந்தோடு சேர்கிறோம் என்றார்கள். பதிலுக்குக் கொடுக்கத் தோதான நிலம் சுவிஸ்காரர்களிடம் இல்லாததால் அதுவும் நடக்கவில்லை.

கடைசியில் 1967-இல் ஓர் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. நிலம் ஜெர்மனிக்கு, சுங்கம் சுவிஸ் கணக்கில். பிராங்க் புழங்குவது இதனால்தான். தபாலுக்கு இரண்டு பின்கோடு: ஜெர்மனி வழியென்றால் 78266, சுவிஸ் வழியென்றால் 8238. ஊர்க் கால்பந்து அணி ஆடுவது சுவிஸ் லீக்கில். எல்லையில் யாரும் வண்டியை மறிப்பதில்லை.

எங்கள் பங்காளி வந்தால் இன்றைக்கும் படலைத் திறந்துவிட ஆள் போக வேண்டியிருக்கிறது.