கப்பல் ஏறும் நாள், இறங்கும் நாள்: சிங்கப்பூர் பற்றிக் கேட்டீர்கள், சொல்கிறேன்

சிங்கப்பூரில் குடியிருப்பவள் நான். ஊரிலிருந்து கப்பல் பயணத்துக்கு வரும் சொந்தக்காரர்களைக் கொண்டுபோய் விடுவதும், திரும்பி வரும்போது கூட்டி வருவதும் பல வருடங்களாக என் வேலை. நானும் நான்கு முறை போயிருக்கிறேன். கேட்டவர்களில் பாதிப் பேரின் கவலை டர்ன்அரவுண்ட் நாள் பற்றித்தான். காலையில் பழைய பயணிகளை இறக்கிவிட்டு, அன்று மாலையே புதிய பயணிகளோடு அதே கப்பல் கிளம்புகிற நாள் அது. பெரிய கப்பல் என்றால் நாலாயிரம் பேர் வெளியே வர, நாலாயிரம் பேர் உள்ளே போக வேண்டும். எல்லாரும் ஒரே கட்டடம் வழியாகத்தான்.

மதுரையிலிருந்து: அக்கா, டிக்கெட்டில் மரீனா பே குரூஸ் சென்டர் என்று போட்டிருக்கிறது. மேப்பில் மரீனா பே என்றே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. அங்கே இறங்கினால் போதுமா?

போதாது தம்பி. மரீனா பே நிலையத்தைத் தாண்டி அடுத்தது, சிவப்புப் பாதையின் கடைசி நிலையம், மரீனா சவுத் பியர். 2014-இல் திறந்தார்கள். அங்கே இறங்கினால் பத்து நிமிட நடையில் கப்பல் முனையம். மரீனா பேயில் இறங்கி, "இதோ தெரிகிறதே" என்று பெட்டியை இழுத்துக்கொண்டு வெயிலில் நடந்தவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்றையும் கட்டாயம் பாருங்கள். இந்த ஊரில் கப்பல் ஏறும் இடம் இரண்டு. ஒன்று இந்த மரீனா பே, 2012-இல் திறந்தது. மற்றது ஹார்பர்ஃபிரண்டில் விவோசிட்டி கடைத்தொகுதிக்குப் பக்கத்தில் இருக்கும் சிங்கப்பூர் குரூஸ் சென்டர். இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்குப் போகும் ஃபெரிகளும் அங்கிருந்துதான். என் சித்தி குடும்பத்துக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜென்ட், "ஹார்பர்ஃபிரண்ட் போயிடுங்க" என்று வாயால் சொல்லிவிட்டார். அங்கே போய் நின்றால் கப்பலையே காணோம். போர்டிங் பாஸை விரித்துப் பார்த்தால் மரீனா பே. டாக்சியில் கால் மணி நேரம்தான், ஆனால் அந்தக் கால் மணி நேரமும் சித்தி என் கையை விடவே இல்லை. யார் என்ன சொன்னாலும் போர்டிங் பாஸில் இருக்கும் முனையத்தின் பெயரை நீங்களே படியுங்கள். பிந்தான் தீவுக்குப் போகும் தானா மேரா ஃபெரி முனையம் வேறு, அதோடும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

திருச்சியிலிருந்து: காலை ஆறு மணிக்கு சாங்கி விமான நிலையத்தில் இறங்குகிறோம். கப்பல் மாலை நாலரைக்கு. நாலு பேர், நாலு பெரிய பெட்டி. ரயிலா, டாக்சியா?

ரயிலில் ஆளுக்கு மூன்று வெள்ளிக்குள் முடிந்துவிடும். (இங்கே டாலரை நாங்கள் வெள்ளி என்றுதான் சொல்வோம்.) ஆனால் தானா மேரா ரயில் நிலையத்தில் ஒரு முறை, ராஃபிள்ஸ் பிளேசில் ஒரு முறை மாற வேண்டும். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகும். நாலு பெரிய பெட்டியோடு இது வேண்டாம். டாக்சி எடுங்கள், இருபது இருபத்தைந்து நிமிடம். சாதாரண டாக்சியின் டிக்கியில் நாலு பெரிய பெட்டி அடங்காது, விமான நிலைய வரிசையிலேயே பெரிய வண்டி கேளுங்கள். வார நாட்களில் காலை ஆறிலிருந்து ஒன்பதரை வரை மீட்டருக்கு மேல் 25 சதவீதம் கூடும், விமான நிலையக் கூடுதல் கட்டணமும் உண்டு.

ஆறு மணிக்கே துறைமுகத்துக்கு ஓடாதீர்கள் என்பதுதான் முக்கியம். அந்த நேரத்தில் முந்தைய பயணிகளே இறங்கியிருக்க மாட்டார்கள். பெட்டிகளைச் சாங்கியின் லக்கேஜ் காப்பகத்தில் போட்டுவிட்டு, பல் தேய்த்து, காபி குடித்து, விமான நிலையத்தை ஒட்டிய ஜுவெல் கடைத்தொகுதியைச் சுற்றுங்கள். 40 மீட்டர் உயரத்திலிருந்து கட்டடத்துக்குள்ளேயே விழும் அருவி அங்கே இருக்கிறது. காலையிலேயே ஓடாது, பத்து பதினொரு மணிக்குத்தான் தொடங்கும். அதைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் ஏறும் நேரத்துக்குச் சரியாக இருக்கும். கப்பல் நிறுவனத்தின் செயலியில் உங்களுக்கென்று ஒரு வருகை நேரம் கொடுத்திருப்பார்கள், அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து: மூன்று வயதுக் குழந்தை இருக்கிறாள். கிராப் (செயலியில் கூப்பிடும் வாடகைக் கார்) கூப்பிட்டால் ஏற்றிக்கொள்வார்களா?

சாதாரண கிராப் காரில் குழந்தை இருக்கை இல்லாமல் ஏற்ற மாட்டார்கள், ஏற்றவும் கூடாது. இங்கே 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ளவர்களுக்கு அது சட்டம். டாக்சிக்கு மட்டும் விலக்கு உண்டு. குழந்தை இருக்கையோடு வரும் கிராப் வகையை முன்பதிவு செய்யுங்கள், இல்லையென்றால் டாக்சி. டாக்சியில் போனால் பின் இருக்கையில் உங்களுக்குப் பக்கத்திலேயே உட்கார வையுங்கள் கண்ணு, மடியில் வேண்டாம்.

ஈரோட்டிலிருந்து: கப்பல் காலை ஏழு மணிக்கு வந்துவிடுமாம். பத்தே கால் விமானம் கொஞ்சம் மலிவாக இருக்கிறது. போடலாமா?

வேண்டாம் சார். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

ஏழு மணி என்பது கப்பல் கரையைத் தொடும் நேரம். கயிறு கட்டி, அதிகாரிகள் அனுமதி கொடுத்து, அதற்கப்புறம்தான் கதவு திறக்கும். முதலில் விடுவது, பெட்டியைத் தாங்களே தூக்கிக்கொண்டு இறங்குகிறவர்களை. மற்றவர்களைப் பெட்டியில் கட்டிய டேக் எண்படி, குழு குழுவாகக் கூப்பிடுவார்கள். உங்கள் எண் கடைசியில் இருந்தால் ஒன்பதரை ஆகிவிடும். அப்புறம் குடிநுழைவு (இமிகிரேஷன்) வரிசை, பெட்டி தேடுவது, சுங்கம். வெளியே வந்தால் டாக்சி வரிசை. எட்டரை ஒன்பது மணிக்கு அந்த வரிசை வளைந்து வளைந்து நிற்கும். சாங்கிக்கு மூன்று மணி நேரம் முன்னால் வரச் சொல்கிறது விமான நிறுவனம். பத்தே காலுக்கு விமானம் என்றால் ஏழே காலுக்கு அங்கே இருக்க வேண்டும். அந்த நேரத்தில் நீங்கள் கப்பலில் இட்லிக்கு வரிசையில் நின்றுகொண்டிருப்பீர்கள்.

பிற்பகல் இரண்டு மணிக்குப் பிந்தைய விமானம் போடுங்கள். மழையோ மூடுபனியோ வந்து கப்பல் ஒரு மணி நேரம் தாமதித்தாலும் மூச்சு விட இடம் இருக்கும். மிச்சமாகும் இரண்டாயிரம் ரூபாய்க்காக, விமானத்தைத் தவறவிட்டுப் புது டிக்கெட் எடுக்கும் நிலை யாருக்கும் வரக் கூடாது.

டாக்சி வரிசை நீளமாக இருந்தால், ஆளுக்கு ஒரு பெட்டிதான் என்றால், யோசிக்காமல் மரீனா சவுத் பியர் நிலையத்துக்கு நடங்கள். எல்லாரும் டாக்சிக்கு நிற்பதால் ரயிலில் இடம் தாராளமாக இருக்கும். அதுதான் முதல் நிலையம், உட்கார்ந்தே போகலாம்.

கோவையிலிருந்து: கடைசி நாள் இரவு பெட்டியை அறைக்கு வெளியே வைக்கச் சொல்கிறார்களாமே, நம்பி வைக்கலாமா?

வைக்கலாம், பத்திரமாக வரும். ஆனால் எதை உள்ளே வைக்கக் கூடாது என்பதில் கவனம் வேண்டும். என் மாமியார் எல்லாவற்றையும் அழகாக அடுக்கி, பூட்டி, இரவு பதினோரு மணிக்கு வெளியே வைத்துவிட்டார். காலையில் எழுந்து குளிக்கப் போனவர் கதவைத் திறந்து, "என் ரவிக்கை?" என்றார். ரவிக்கை, செருப்பு, காலை பிரஷர் மாத்திரை எல்லாம் பெட்டிக்குள். பெட்டியோ கப்பலின் அடித்தளத்தில். நைட்டி மேல் என் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு, கப்பலில் கொடுத்த மெல்லிய செருப்போடு குடிநுழைவு வரிசையில் நின்றார். மாத்திரை பத்து மணிக்குத்தான் போட முடிந்தது. அவர் முகம் வாடி நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

பாஸ்போர்ட், மருந்து, மறுநாள் உடுப்பு, செருப்பு, சார்ஜர், பணம், நகை, இத்தனையும் கைப்பையில். அப்புறம் பெட்டியின் கைப்பிடியில் ஒரு பழைய புடவைக் கரையைக் கிழித்துக் கட்டிவிடுங்கள். இறங்கும் கூடத்தில் ஆயிரம் பெட்டிகள் வரிசையாக நிற்கும், பாதி கறுப்பு. தூரத்திலிருந்தே உங்களுடையது தெரியும்.

பாண்டிச்சேரியிலிருந்து: சிங்கப்பூர் விசா இருக்கிறது. கப்பலில் பினாங்கு போய்த் திரும்பி வந்தால் அது மறுபடி செல்லுமா?

இந்திய பாஸ்போர்ட் என்றால் விசாவில் பலமுறை நுழைவு என்று இருக்கிறதா பாருங்கள். கப்பல் திரும்பி வருவதும் இன்னொரு நுழைவுதான். எஸ்ஜி அரைவல் கார்டு என்கிற வருகைப் படிவத்தையும் திரும்பும்போது மறுபடி நிரப்ப வேண்டும். வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள்தான் நிரப்ப முடியும். மூன்று இரவுப் பயணம் என்றால் ஏறுவதற்கு முன்பே முடித்து வைக்க வழியில்லை. கப்பல் வைஃபைக்குக் காசு அதிகம், அதனால் பினாங்கில் இறங்கும்போது போனில் முடித்துவிடுங்கள். படிவம் இலவசம். காசு கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து: கப்பலில் வாங்கும் பாட்டிலைக் கொண்டு வரலாமா?

மலேசியாவிலிருந்து வந்து இறங்கினால் மதுவுக்கு வரிச் சலுகை கிடையாது. சிகரெட்டுக்கு எங்கிருந்து வந்தாலும் கிடையாது. வரி கட்டாமல் நழுவப் பார்க்க வேண்டாம், சுங்கத்தின் சிவப்பு வழியில் போய்ச் சொல்லிவிடுங்கள். வேப் எனப்படும் மின்சிகரெட்டுக்கு முழுத் தடை, பையில் இருக்கவே கூடாது.

சேலத்திலிருந்து: காலை எட்டு மணிக்கு இறங்குகிறோம், விமானம் இரவு பதினொன்றுக்கு. தேக்கா (லிட்டில் இந்தியா) போக வேண்டும், கோயிலுக்குப் போக வேண்டும், முஸ்தபா கடையில் வாங்க வேண்டும். பெட்டிகளை என்ன செய்வது?

நல்ல நாள் உங்களுக்கு அமைந்திருக்கிறது. கப்பல் ஏறும் முன் தேக்காவில் ஹோட்டலில் தங்கினீர்கள் என்றால், அங்கேயே கேளுங்கள். பழைய விருந்தாளிகளின் பெட்டியைப் பல ஹோட்டல்களில் பகல் முழுக்க வைத்துக்கொள்வார்கள். இதற்காகவே நான் எல்லாரையும் தேக்கா, ஃபேரர் பார்க் பக்கம் தங்கச் சொல்வேன். ஹார்பர்ஃபிரண்டிலிருந்து ஊதா ரயில் பாதையில் மாறாமல் நேராக வரலாம். மரீனா சவுத் பியரிலிருந்து என்றால் நாலாவது நிலையமான தோபி காட்டில் ஊதாவுக்கு மாறி, அடுத்த நிலையம் லிட்டில் இந்தியா, அதற்கடுத்தது ஃபேரர் பார்க். முஸ்தபாவுக்கு ஃபேரர் பார்க்தான் பக்கம்.

பெட்டியை வைத்துவிட்டு, 1947 முதல் இருக்கும் கோமள விலாஸில் காலை டிபன். அங்கிருந்து சிராங்கூன் சாலையிலேயே நடந்தால் வீரமாகாளியம்மன் கோயில், இன்னும் கொஞ்ச தூரத்தில் பெருமாள் கோயில். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், அதனால் முதலில் கோயில், அப்புறம் கடை. ரயிலில் தண்ணீர்கூடக் குடிக்காதீர்கள், 500 வெள்ளி வரை அபராதம் உண்டு.

ஹோட்டல் இல்லையென்றால் பெட்டிகளைச் சாங்கி காப்பகத்தில் வைத்துவிட்டு ரயிலில் தேக்கா வாருங்கள். போக வரச் சேர்த்து ஒன்றரை மணி நேரம் போகும், உங்களுக்கு நேரம் இருக்கிறது. விமானம் மாலை ஐந்து மணி என்றிருந்தால் இதைச் சொல்லியிருக்க மாட்டேன்.

கிள்ளானிலிருந்து: அப்பா சக்கர நாற்காலியில். ரயில் சரிப்படுமா?

எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையங்களில் லிஃப்ட் உண்டு, அகலமான நுழைவும் உண்டு. ஆனால் பெட்டிகளும் இருந்தால் டாக்சியே நல்லது. இறங்கும்போது உதவி வேண்டும் என்று கப்பலில் இரண்டு நாள் முன்பே வரவேற்பு மேசையில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். கப்பல் நிறுவனமே விற்கும் ஊர் சுற்றும் பேருந்தையும் கேட்டுப் பாருங்கள். பெட்டிகள் பேருந்திலேயே இருக்கும், கடைசியில் சாங்கியில் இறக்கிவிடும். விலை கூடுதல்தான், வயதானவர்களுக்கு அது தகும்.

உட்லண்ட்ஸிலிருந்து: அம்மாவும் அப்பாவும் முதல் முறையாகத் தனியாகக் கப்பலில் போகிறார்கள். கிளம்பும்போது பார்க்க முடியுமா?

முனையத்துக்குள் பயணிகள் நுழைவு வரைதான் நீங்கள் போகலாம். அங்கே விடைபெற்றுவிட்டு மரீனா பராஜ் அணைக்குப் போங்கள், 400-ஆம் எண் பேருந்து போகும். மேலே கூரை முழுக்கப் புல்தரை, மாலையில் பட்டம் விடுவார்கள். கடல் பக்கம் நின்றால் கப்பல் தெரியும். அம்மாவிடம் எந்தத் தளம், எந்தப் பக்கம் என்று முன்பே கேட்டு வைத்துக்கொண்டு, பளிச்சென்ற நிறத்தில் ஒரு துண்டை அசைக்கச் சொல்லுங்கள். தூரம் அதிகம், ஆள் முகம் தெரியாது. போனில் பேசிக்கொண்டே, "தெரியுதா, தெரியுதா" என்று கேட்டுக்கொள்ளலாம். நானும் என் அம்மாவுக்கு அப்படித்தான் கையசைத்தேன்.